வோலோஸ் வளைகுடாவில் காய்ந்த பனியன்

என் கப்பல்காரருக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். இருந்தாலும் கேட்கிறேன். நான் நலம். முழங்கால் வலியும் நானும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருக்கிறோம். மகள் மதுரையில் நர்ஸ் வேலையில் இருக்கிறாள். உங்களைப் போலவே சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு கதை பேசுகிறாள்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் முடிகிறது. போன வருஷம் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டேன். பேச வாய் வரவில்லை. இந்த வருஷம் விஷயம் இருக்கிறது. ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டிய விஷயம். அதனால்தான் கல்லறையில் நின்று முணுமுணுக்காமல் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் படிக்கட்டும்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னது உண்மை. மலை, கடல், ரொட்டி, பனியன் எல்லாமே உண்மை.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது நீங்கள் பம்பாயில் சரக்குக் கப்பல் ஏறினீர்கள், சமையல் வேலைக்கு. முதல் மூன்று மாதம் போன் வந்தது. அப்புறம் ஏழு மாதம் ஒரு தகவலும் இல்லை. நான் தூத்துக்குடிப் பக்கம் நம் ஊரில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத் வாசலிலேயே தவம் கிடந்தேன். ஒரு மத்தியானம் பிளாஸ்டிக் பை ஒன்றோடு, எலும்பும் தோலுமாக வந்து நின்றீர்கள். கப்பல் முதலாளி கைவிட்டுவிட்டான், கிரீஸ் தேசத்தில் வோலோஸ் என்ற ஊருக்கு எதிரே வளைகுடாவில் நங்கூரம் போட்டபடியே ஏழு மாதம் கிடந்தோம், கரையில் கால்வைக்க விடவில்லை என்றீர்கள். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டதற்கு, பம்பாய் ஏஜெண்டிடம் மாட்டிக்கொண்டது என்றீர்கள்.

யார் நம்புவார்கள்? உங்கள் சொந்த அண்ணனே என் காதுபடச் சொன்னார்: "கிரீஸாவது கிரீஸு. பம்பாயைத் தாண்டியிருக்க மாட்டான். அங்கன எவளோடயாவது குடும்பம் நடத்தியிருப்பான்."

அந்தப் பேச்சு பொறுக்காமல்தான் பையைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தோம். ஒரே பனியன் கம்பெனியில் உங்களுக்கு அயர்ன் டேபிள், எனக்குச் செக்கிங். ஊர் மாறியது. பேச்சு மாறவில்லை. நீங்கள்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டீர்களே! வந்த முதல் வாரமே டீ டைமில் கிரீஸ் கதையை ஆரம்பித்துவிட்டீர்கள். பிரிண்டிங் ஷெட் குமாரசாமி, குண்டடத்துக்காரர், மரியாதை குறையாமலே கிண்டல் செய்வதில் கெட்டிக்காரர். "ஏனுங்க இன்னாசியண்ணா, கிரீஸுல இன்னைக்கு மழைங்களா?" என்பார். ஷெட்டே சிரிக்கும். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். நான் மட்டும் பீஸை எண்ணுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன்.

நான் நம்பினேனா? இந்தக் கேள்வியை நீங்கள் இருபது வருஷத்தில் ஒரே ஒருமுறைதான் கேட்டீர்கள், ஆஸ்பத்திரியில், கடைசி வாரம். "ஏளா மேரி, நீயாவது நம்புதியா?" நான் என்ன சொன்னேன்? "மொதல்ல கஞ்சியக் குடிங்க." அதுதான் என் பதில்.

பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை. அதுதான் நிஜம். அந்தப் பாதியோடுதான் இருபது வருஷம் உங்களுக்குச் சோறு போட்டேன். கையில் போன் இருக்கிறது, நாலு எழுத்து தட்டினால் உலகமே வரும் என்கிறார்கள். ஒருநாள்கூட அந்த ஊரைத் தேடிப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி அது இல்லாவிட்டால் நான் என்ன செய்வது? அந்தப் பயம். பார்க்காமல் இருந்தால் பாதியாவது மிச்சமிருக்கும் என்று நினைத்தேன்.

நீங்களோ அலுக்காமல் சொல்வீர்கள். சாப்பிட்டு முடித்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வலது கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கி வயிற்றுக்கு நேரே கொண்டுவருவீர்கள். "இந்தா பாரு. தோளுதான் பெலியோன் மலை. கிழக்க இருந்து இறங்கி இப்படி மேக்கால மடங்குது. மடக்குன கைக்குள்ள இருக்கிற கடல்தான் பகாசிடிகோஸ் வளைகுடா. அக்குள்ல வோலோஸ் ஊரு. இந்த விரலு நுனியில கொஞ்சூண்டு வாய். ஒரே மடை உள்ள கம்மா மாதிரி." நான், "அப்ப கப்பல் அக்குள்லயா நின்னுச்சு? அதான் நாத்தம்" என்பேன். கோபமே வராது உங்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் படகில் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்த கிழவரைப் பற்றிச் சொல்வீர்கள். இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பல் இங்கிலீஷில் அவர் உங்களுக்குச் சொன்ன சரித்திரத்தை நீங்கள் தூத்துக்குடித் தமிழில் எனக்குச் சொன்னீர்கள். அந்த மலை மரத்தை வெட்டித்தான், தங்கக் கம்பளி உள்ள ஆட்டுத்தோலைத் தேடி ஐம்பது வீரர்கள் துடுப்புப் போட்ட பழங்கதைக் கப்பலைக் கட்டினார்களாம். பாரசீக ராஜாவின் கப்பல்கள் மலைக்கு அந்தப் பக்கம் புயலில் நொறுங்க, மிஞ்சியவை சுற்றிவந்து வளைகுடா வாய்ப் பக்கம் ஒதுங்கினவாம். பிற்பாடு ஒரு ராஜா அக்கம்பக்கத்துச் சின்ன ஊர்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டித் தன் பெயரில் மதில் நகரம் கட்டினானாம். கிரேக்க தேசத்தை அடக்கிவைக்கும் கால்விலங்கு மூன்று, அதில் ஒன்று அந்தக் கோட்டை என்பார்களாம். போன நூற்றாண்டில் துருக்கிக் கரையிலிருந்து துரத்தப்பட்ட கிரேக்கர்கள் துணிமணி மூட்டையோடு வந்திறங்கி, ஓடைக்கு அக்கரையில் குடிசை போட்டு, நெசவு மில்லிலும் புகையிலை மில்லிலும் வேலைக்குப் போனார்களாம்.

"நம்ம திருப்பூர் மாதிரிதாம்ளா. பொழைக்க வந்தவன் கட்டுன ஊரு" என்பீர்கள். நன்றாகத்தான் அளக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வீர்கள். ஒன்று, சூரியன். கப்பலில் எண்ணெய் தீர்ந்து, ஹீட்டர் இல்லாமல், குளிரில் நடுங்கிக்கொண்டு மேல்தளத்தில் நின்று சூரியனுக்காகக் காத்திருப்பீர்களாம். வானம் எப்போதோ வெளுத்திருக்குமாம், மலை மறைப்பதால் சூரியன் மட்டும் தாமதமாக வருமாம். "ஆபீசர் மாதிரி லேட்டா வர்ற சூரியன்" என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

இன்னொன்று, பனியன். காலையில் எழுந்ததும் ஆளுக்கொரு வெள்ளைப் பனியனைத் துவைத்துக் கப்பல் விளிம்புக் கம்பியில் கட்டுவீர்களாம். கரையில் இருப்பவர்களுக்கு நீங்கள் உயிரோடு இருப்பதற்கு அதுதான் அடையாளமாம். ஒருநாள் எல்லோரும் காய்ச்சலில் விழுந்து, துவைக்க ஆளில்லாமல் கம்பி வெறுமையாகக் கிடக்க, மத்தியானத்துக்குள் டாக்டரோடு படகு வந்துவிட்டதாம். சினிமாவில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாரோ என்று நான் யோசித்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உங்கள் புளுகு இருபது வருஷம் ஒரு சொல் மாறாமல் நின்றது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனி போன மாதத்துக்கு வருகிறேன்.

கட்டிங்கில் வெட்டிய வெள்ளை டி-சர்ட் முன்பாகங்கள் பிரிண்ட் ஆகி, கட்டுக்கட்டாக என் செக்கிங் டேபிளுக்கு வந்தன. நெஞ்சில் ஒரு படம். நீலத்தில் கடலும், கரையில் மலையைக் காட்டும் சின்னச் சின்னக் கோடுகளும். அடியில் கறுப்பில் ஓர் ஊர்ப்பெயர். மூலையில் திசைகாட்டி, அதன் உச்சியில் வடக்குக்கு இங்கிலீஷ் என். எழுத்துக்கூட்டிப் படித்தேன். வோ...லோஸ்.

கை அப்படியே நின்றுவிட்டது. இருபது வருஷமாக நான் தேடாமல் ஒளிந்திருந்த ஊர், என் டேபிளுக்கே தேடி வந்துவிட்டது. ஆனால் ஏதோ இடித்தது. யாரும் பார்க்காதபோது வலது கையைத் தொங்கவிட்டு மடக்கிப் பார்த்தேன். படத்தில் மலை இடது பக்கம் இருந்தது. இடது கையை மடக்கினேன். அதற்குத்தான் சரியாகப் பொருந்தியது.

அப்போது எனக்கு இரண்டே வழி. வந்த கட்டை 'ஓகே' என்று தள்ளிவிட்டு, நீங்கள் சொன்னது பொய் என்று ஒத்துக்கொள்வது. அல்லது படம் தப்பு என்று சொல்வது. அன்று சாயங்காலத்துக்குள் பிரிண்டிங் முடிந்தால்தான் தையல் ஓடும், தையல் ஓடினால்தான் சரக்கு சொன்ன தேதிக்குத் தூத்துக்குடிக்குப் போகும். செக்கிங்கில் நிற்கிறவள் தேசப்படம் தப்பு என்றால் கேட்பார்களா?

தப்புள்ள இடத்தைக் காட்ட ஒட்டுகிற அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்தேன். ஒவ்வொரு பீஸிலும் அந்த மலை மேலேயே ஒட்டினேன். ஒரு கட்டு முழுக்க. இரண்டாவது கட்டையும் அவிழ்த்தேன்.

குமாரசாமி ஓடி வந்தார். "ஏனுங்க்கா, என்னுங்க இது? கலர் மேச்சாயிருக்குது, பிளேஸ்மென்ட் கரெக்டா இருக்குது. எதுக்குங்க ஸ்டிக்கரு?"

"படம் திரும்பியிருக்கு. மலை கிழக்க இருக்கணும்."

"யாருங்க சொன்னது?"

"எங்க வீட்டுக்காரரு."

ஷெட்டில் சிரிப்புக் கிளம்பியது. அவர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. "போய்ச் சேந்த மனுசன் சொன்ன கப்பல் கதைக்கு டேபிள நிறுத்தோணுமாக்கும்? லோடு போகோணுமுங்க்கா. ஆவாதுங்க."

அவருக்கு ஏன் அவ்வளவு சூடு என்று எனக்குத் தெரியும். மை இறங்குகிற வலைச் சட்டத்தை, அந்த ஸ்கிரீனை, எடுத்தவர் அவர்தான். கண்ணாடி மேல் படம் பதிந்த ஃபிலிமை வைத்து, அதன் மேல் ஸ்கிரீனை வைத்து லைட் அடிப்பார்கள். ஃபிலிமைப் புரட்டி வைத்தால் இடம் வலமாகிவிடும். எழுத்து புரண்டால் எந்தக் கண்ணும் காட்டிக்கொடுக்கும். எழுத்துக்குத் தனி ஸ்கிரீன், அது சரியாகவே விழுந்தது. கடலுக்கு எழுத்து ஏது?

"கோபப்படாம ஒண்ணு சொல்லுங்க. இந்த 'என்' எழுத்து மேல இருந்தா கிழக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"சோத்தாங்கைப் பக்கமுங்க."

"எங்க வீட்டுக்காரரு ஏழு மாசம் அந்தக் கடல்ல நின்னு, மலைக்குப் பின்னாடி இருந்து சூரியன் வர்றதப் பாத்தவரு. உங்க படத்துல சூரியன் கடல்ல உதிச்சு மலையில விழுது. நீங்களே பாருங்க."

இப்படி ஒரு சத்தம் என் தொண்டைக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ஓடிக்கொண்டிருந்த டேபிள் தானாக நின்றது. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையர்களோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் காயத்ரி, சாமளாபுரத்துப் பிள்ளை, சத்தம் கேட்டு வந்தாள். ஒப்புதலான சாம்பிள் மெயின் ஆபீசில் இருக்கிறது என்றவள், போனை எடுத்து ஊர்ப்பெயரைத் தட்டினாள்.

நான் திரும்பி நின்றுகொண்டேன். சுவரைப் பார்த்தேன். மாதாவே, பாதியை எடுத்துவிடாதே என்று வேண்டினேன். அந்த அரை நிமிஷத்தை நீங்கள் கூட இருந்து பார்த்திருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்.

"குமாரண்ணா," என்றாள் காயத்ரி. "மலை வலது பக்கந்தானுங்க."

எல்லோரும் அவள் போனைச் சுற்றிக் குவிந்தார்கள். நானும் தலையை நுழைத்துப் பார்த்தேன். தோள், முழங்கை, மடங்கிய முன்கை, விரல் நுனியில் கொஞ்சூண்டு வாய். அக்குளில் வோலோஸ். ஐயோ, உங்கள் கையேதான்! என் ராசா, அவ்வளவு பேருக்கு நடுவில் நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன்.

குமாரசாமி தானே போய் ஸ்கிரீனைக் கழுவினார், ஃபிலிமைத் திருப்பி வைத்தார், புது ஸ்கிரீன் எடுத்தார். கட்டிங்கில் மறுபடி துணி விரித்தார்கள். மூன்று நாள் எல்லோரும் ஓவர்டைம் பார்த்தோம். சொன்ன தேதிக்கு லாரி கிளம்பியது. நம் ஊர்த் துறைமுகத்துக்குப் போய், சரக்கு உங்கள் கடல் ஏறியது.

இதோடு முடிந்திருந்தாலே எனக்குப் பெரிய காரியம். ஆனாலும் மனசு ஒரு குரங்கு இல்லையா? தேசப்படத்தைப் பம்பாயில் கப்பல்காரன் எவனிடமாவது பார்த்திருக்கலாமே என்று ஒரு மூலையில் சொறிந்துகொண்டே இருந்தது. உங்கள் அண்ணன் குரலில்.

போன வாரம் காயத்ரி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாள். "அக்கா, வோலோஸ் பையர் வீடியோ கால்ல இருக்காங்க. நீங்க தப்பக் கண்டுபிடிச்சதச் சொல்லிட்டேனுங்க. உங்களப் பாக்கோணுங்கறாங்க."

எலேனி என்று பெயர். என் வயதுதான் இருக்கும். கடற்கரைச் சாலையில் அவளுக்குத் துணிக்கடை. காயத்ரி தமிழாக்கிச் சொல்லச் சொல்லக் கேட்டேன். முந்தின வருஷம் பெருமழை வெள்ளத்தில் பக்கத்து ஏரி நிரம்பி, பிறகு வற்றி, ஏரி மீனெல்லாம் உப்புத் தண்ணீருக்கு வந்து செத்து வளைகுடாவை மூடிவிட்டதாம். சுற்றுலா வந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்களாம். சாயக்கழிவு ஓடிய நொய்யலைப் பார்த்த நமக்குத் தெரியாததா அந்த நாற்றம்? இப்போது தண்ணீர் தெளிந்துவிட்டது, எங்கள் கடலை நெஞ்சில் போட்டுக்கொண்டு நாங்களே நடக்கப் போகிறோம், அதற்குத்தான் இந்த டி-சர்ட் என்றாள். அதில் கடல் திரும்பிப் போயிருந்தால் ஊரே சிரித்திருக்கும் என்று கும்பிட்டாள், நம்மைப் போலவே கையைக் குவித்து.

பிறகு போனைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். நமக்கு மத்தியானம், அவர்களுக்குக் காலை. கடல் தகடாகக் கிடந்தது. மலைக்கு மேலே அப்போதுதான் வந்த மாதிரி சூரியன்.

"கேளு கண்ணு," என்றேன் காயத்ரியிடம். "இருபது வருசத்துக்கு முந்தி அங்க ஒரு கப்பல் கேட்பாரில்லாம நின்னுச்சான்னு கேளு." அவ்வளவுதான் கேட்டேன். வேறு ஒரு சொல் சொல்லவில்லை, சத்தியமாக.

எலேனி கண்ணை அகல விரித்துக் கடகடவென்று பேசினாள். காயத்ரி என் பக்கம் திரும்பும்போது அவளுக்கே கண் கலங்கியிருந்தது.

"அக்கா, அவிக அப்பா தெனமும் காலையில கடை தொறந்ததும் கடலப் பாப்பாருங்களாம். 'வெள்ளைச் சட்டை காயுது, இன்னைக்கும் இருக்கறாங்க'ன்னு சொல்லிட்டுத்தான் ஏவாரத்த ஆரம்பிப்பாருங்களாம். ஒரு நாளு கம்பி வெறுசா இருந்துச்சுங்களாம். அப்பா கடைய அப்படியே போட்டுட்டு டாக்டரத் தேடி ஓடுனாருன்னு சொல்றாங்க்கா."

இன்னொரு தடவை சொல்லு கண்ணு என்றேன். சொன்னாள்.

அந்த மனிதர்தான் ரொட்டிக் கிழவரோ என்று கேட்டேன். இல்லை, அவருக்குப் படகே கிடையாது, துணிக்கடைதான் என்றாள். அப்படியானால் நீங்கள் முகம்கூடப் பார்க்காத ஒருவர், தினமும் காலையில் உங்கள் பனியனைப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறார். கட்டிய பெண்சாதிக்கு அந்த நிம்மதி வர இருபது வருஷம் பிடித்தது. என்னை மன்னிப்பீர்களா?

உங்கள் அண்ணனுக்கு அன்றைக்கே போன் போட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். "என்ன மச்சான், லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு முறை கேட்டேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! இதற்காகச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவதில்லை.

குமாரசாமி மறுநாள் டீ டைமில் கிளாஸோடு என் டேபிளுக்கு வந்தார். ஷெட்டே பார்க்க, "இன்னாசியண்ணன் சொன்னதெல்லாம் நெசந்தானுங்க்கா. நாந்தான் வாயில வந்ததப் பேசிட்டனுங்க. கல்லறைக்குப் போறப்ப ஒரு வார்த்த சொல்லுங்க, நானும் வர்றனுங்க" என்றார். வந்து உங்களிடம் கிரீஸில் மழையா என்று கேட்டாலும் கேட்பார். கேட்டால் சொல்லிவிடுங்கள், வெயில் என்று.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன். நம்புகிறேன். முழுசாக.

இனி ஒரு வாக்கு. உங்கள் பனியன்கள் நாலு இன்னும் பெட்டியில் இருக்கின்றன. நாளையிலிருந்து தினமும் காலையில், வேலைக்குப் போகும் முன் அதில் ஒன்றைத் துவைத்து மொட்டை மாடிக் கொடியில் போடுவேன். நீங்கள் எந்தக் கரையில் இருந்தாலும் எட்டிப் பாருங்கள். வெள்ளையாக ஒன்று காய்ந்தால், மேரி இன்றைக்கும் இருக்கிறாள் என்று அர்த்தம். என்றைக்காவது கொடி வெறுமையாகக் கிடந்தால் பயப்படாதீர்கள். படகை எடுத்துக்கொண்டு கரைக்கு வாருங்கள், நான் பையோடு நிற்பேன்.

இப்படிக்கு,
ஏழு மாதம் உங்களுக்காகக் காத்திருந்த,
இன்னும் காத்திருக்கிற உங்கள் பெண்சாதி,
செல்வமேரி